சாய்ந்த கோள் நிமிரும் என்று எழுதிக் கொடுத்தோம்

என்னைப் பற்றி உங்களுக்கு யாராவது ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். லப்டொப்பை ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, அந்தப் பையை இன்னொரு பையில் போட்டு, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, திருவிழாச் சனத்தின் நடுவில் குறிகட்டுவானில் லோஞ்ச் ஏறி நயினாதீவுக்கு ஓடிப்போன மனிசன் என்று. அது உண்மைதான். அன்றைக்குக் கடல் அமைதியாக இருந்தது. நான்தான் ஆடிக்கொண்டிருந்தேன்.

பல்கலைக்கழகத்தில் எங்கள் திணைக்களத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்காகவும் ஏதாவது எழுதித் தரச் சொல்லி உங்கள் பொறுப்பாளர் தர்சினி கேட்டாள். கொம்பியூட்டர் மாதிரியை எப்படி ஓட்டுவது, கோப்புகளை எங்கே வைப்பது என்பதையெல்லாம் அவளே காட்டித் தருவாள். என்னைவிட நன்றாகவே காட்டுவாள். நான் அந்தப் பிழையைப் பற்றி மட்டும் எழுதினால் போதுமாம். "பகிடி விடாமல் எழுதுங்கோ அண்ணை" என்றாள். ஏலாது என்றேன். "அப்ப பகிடியோடையே எழுதுங்கோ. ஆனா முழுசா எழுதுங்கோ" என்றாள்.

முழுதாக எழுதுகிறேன்.

வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் என்னுடைய பாணியில் ஒருமுறை சொல்லவேண்டும், பிழை புகுந்தது அந்த வழியால்தான். கொம்பியூட்டருக்குள் ஒரு கோளைச் செய்கிறோம். அதற்கு ஒரு கடல், கொஞ்சம் காற்று, தூரத்தில் ஒரு சூரியன். பிறகு அதன் அச்சைச் சாய்க்கிறோம். எங்கள் பூமி இருபத்துமூன்றரைப் பாகை சாய்ந்திருக்கிறது. அதனால்தான் சித்திரை வருடப் பிறப்பை ஒட்டி ஒருநாள் நண்பகலில் எங்கள் நிழல் எங்கள் காலுக்குள்ளேயே ஒளிந்துகொள்கிறது, ஆவணியில் இன்னொரு முறை. துருவங்களுக்கு வருடம் முழுவதும் சேர்த்தாலும் கிடைக்கும் வெயில் குறைவு. பனி அங்கே போய்க் கிடக்கிறது. ஆனால் அச்சை ஐம்பத்துநாலு பாகைக்கு மேலே சாய்த்துவிட்டால் கணக்குத் தலைகீழ். வருடக் கணக்கில் துருவங்களுக்கு மத்தியகோட்டைவிடக் கூடிய வெயில் விழும். அப்படியான கோளில் பனி பிடிப்பதென்றால் தலையில் பிடிக்காது, இடுப்பில் பிடிக்கும்.

இதை எனக்கு முதலில் விளக்கியவர் எங்கள் பேராசிரியர். அவருடைய பெயரை எழுதமாட்டேன். திணைக்களத்தில் எல்லோருக்கும் அவர் சேர்தான். நெடுந்தீவில் பிறந்தவர், மண்கும்பானில் குடியிருந்தவர். கரும்பலகையில் சாய்ந்த கோளுக்கு இடுப்புப் பட்டி கட்டினது மாதிரி ஒரு கோடு இழுத்துவிட்டு, எங்கள் தீவுகள் எத்தனையாம் பாகையில் இருக்கின்றன என்று கேட்டார். ஒன்பதரை என்றேன். "அப்ப முதல் ஐஸ் கட்டுறது எங்கட நெடுந்தீவிலதான்" என்றார். அங்கே மேய்ந்து திரியும் குதிரைகள் வழுக்கி விழும், பாவம் என்றேன். அன்றைக்குத்தான் அவர் என்னை வேலைக்கு எடுத்துக்கொள்வதென்று முடிவு செய்தார் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். என்னுடைய சான்றிதழ்களைப் பார்த்து எடுத்திருக்க வழியில்லை.

இனி நயினாதீவுக் கதை.

அது என்னுடைய முதல் வருடம். எண்பது பாகை சாய்ந்த கோள் ஒன்றைப் பரிசோதனைக்காக ஓட விட்டிருந்தேன். காலையில் படத்தைத் திறந்தால் கோளில் பாதி வெள்ளை. பாதிக் கடல் உறைந்துபோயிருந்தது. எனக்கு வேர்த்த வேர்வையில் அந்தக் கடலைத் திரும்ப நிரப்பியிருக்கலாம். சேருக்கு எட்டுத்தரம் போன் எடுத்தேன், அவர் தூக்கவில்லை. அம்மன் கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போய்விட்டார் என்று யாரோ சொன்னார்கள். மற்றதை மேலே சொல்லிவிட்டேன்.

கோயிலில் சேர் அன்னதானப் பந்தியில் இருந்தார். நான் பையை அவிழ்க்கத் தொடங்கினேன். அவர் பக்கத்தில் இருந்தவரைக் கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்லிவிட்டு, எனக்கும் ஒரு இலை போடச் சொன்னார். இரண்டு பேரும் சாப்பிட்டு முடித்தோம். கை கழுவிவிட்டு வந்து, கண்ணாடியைப் போட்டு, படத்தைப் பார்த்து, இது எந்த மாதம் என்று கேட்டார்.

நான் மாதத்தைப் பார்க்கவே இல்லை. எண்பது பாகை சாய்ந்த கோளில் ஒரு பாதி மாதக்கணக்கில் இருட்டில் கிடக்கும். அந்த இருட்டுத்தான் அங்கே மாரிகாலம், அதன் நடு மாதத்தைத்தான் நான் திறந்திருந்தேன். நாலு மாதம் தள்ளித் திறந்தால் அதே கடல் நீலமாக இருந்தது.

"மாரியைப் பாத்திட்டு வருசத்தைச் சொல்லாதேயும்" என்றார். அவ்வளவுதான். லப்டொப்பை அவரே இரண்டு பையிலும் திரும்பச் சுற்றித் தந்தார். லோஞ்சில் வரும்போது சேரின் மனைவி, அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், பிரசாதத்தை என் கையில் தந்து, தம்பிக்கு முகம் வெளிறிப்போய்க் கிடக்கு, கடல் பழக்கமில்லையோ என்று கேட்டார். நான் சுருவிலில் பிறந்து வளர்ந்தவன். கடல் பழக்கமில்லை என்றே சொல்லிவிட்டேன்.

இரண்டாவது தரம், கோளின் கடல் இருநூற்று எண்பத்தெட்டுப் பாகையில் கொதிக்கிறது என்று ஓடிப்போனேன். அது கெல்வின் கணக்கு, சாதாரண அளவில் பதினைந்து பாகைதான். பூமியின் சராசரி வெப்பநிலையே அதுதான். மூன்றாவது தரம், கோள் முழுவதும் ஒரு துளி மழைகூடப் பெய்யவில்லை என்று ஓடினேன். மழை இருந்த கோப்பை நான் திறக்கவில்லை. தர்சினி அப்போது ஊர்காவற்றுறையிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் புது ஆய்வு மாணவி. என்னுடைய மேசையில் ஒரு குடையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். கோளில் மழை வந்தால் பிடிக்கலாமாம்.

இப்படி எத்தனை தரம் ஓடினாலும் சேர் ஒருநாளும் ஏசினதில்லை. ஒரு கதிரையை இழுத்துப் போடுவார். நானும் அதில் இருக்கப் போவேன். "உமக்கில்லை, உம்மட பதட்டத்துக்கு" என்பார். "அது இருந்து கதைக்கட்டும். நீர் நிண்டு கேளும்." பிறகு நான் நின்றபடி, எங்கே பார்த்தேன், எதைப் பார்க்கவில்லை என்று வெறுங்கதிரைக்கு விளக்கம் சொல்லவேண்டும். பாதியிலேயே பிழை எனக்கே தெரிந்துவிடும். வெளியில் கதவோரம் நின்று தர்சினி சிரிப்பாள்.

சேருக்கு ஒரு கேள்வி இருந்தது. சந்திரன் மாதிரிப் பெரிய துணையொன்று இல்லாத கோளின் அச்சு நிலையாக நிற்காது. நீண்ட காலத்தில் மெல்லச் சரிந்து போகும், திரும்ப நிமிரும். அப்படியொரு கோள் இருபத்துமூன்றிலிருந்து அறுபதுவரை சரிந்துவிட்டுத் திரும்பி வரும்போது, அதன் கடலும் காலநிலையும் பழையபடி இருக்குமா? இதுதான் கேள்வி. இளவயதில் குளிர் நாடொன்றுக்குப் படிக்கப் போனபோது தொடங்கினார். இடையில் ஊருக்கு வந்தார். வந்த இடத்தில் சண்டை பிடித்துக்கொண்டது, திரும்பிப் போக முடியவில்லை. நெடுந்தீவு வீட்டில் ஒரு பெட்டி நிறையக் கொப்பிகளை வைத்துவிட்டு இடம்பெயர்ந்தார். திரும்பி வந்தபோது வீட்டுக்குச் சுவர் இருந்தது. பெட்டி இல்லை. சகோதரங்கள் எல்லோரும் கனடா போய்விட்டார்கள். அவர் கேள்வியோடு இங்கேயே இருந்துவிட்டார்.

அவருக்குச் சிறுநீரகம் பழுதாகி, கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கத் தொடங்கிய பிறகு, அந்தக் கேள்விக்கு அவசரம் வந்தது. எங்களுக்கு ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் சேர், தர்சினி, நான், மூன்று பேருக்கும் தெரியும்.

அந்த வருடம் நாங்கள் அதை ஓட்டி முடித்தோம். விடை நன்றாக வந்தது. அறுபதில் மத்தியகோட்டைச் சுற்றி மெல்லிய பனிப்பட்டி ஒன்று கட்டும், வருடத்துக்கு இரண்டுதரம் அங்கே வெயில் ஏறும்போது கரையும், அதற்கு மேலே பரவாது. அச்சுத் திரும்பி வந்தால் கடல் பழையபடி திறந்தே இருக்கும். கட்டுரையை எழுதி வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினோம். ஏற்றுக்கொண்டார்கள். கடிதம் வந்த அன்று சேர் கட்டிலில் சாய்ந்து கிடந்தபடியே வாசித்துவிட்டு, "சரிஞ்சது நிமிருமெண்டு எங்கட சனத்துக்கு ஒரு கணக்காவது சொல்லட்டும்" என்றார். சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். விஞ்ஞானி பேசுகிற பேச்சில்லை அது என்று அவருக்குத் தெரியும்.

அச்சில் வர இன்னும் ஒரு மாதமளவில் இருந்தது. அந்த நேரத்தில் நான் மீன் வாங்கப் போனேன்.

அல்லைப்பிட்டிக் கரையில் காலைநேரம். வள்ளங்கள் வந்திருந்தன. மீன் ஏற்றும் லொறியில் ஐஸ் கட்டிகளை இறக்கி, ஒருவர் மரக்கட்டையால் அடித்து உடைத்து, பெட்டிகளில் மீனுக்கு மேலே அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். விளைமீனுக்குக் காத்து நின்ற நான், வேறு வேலையில்லாமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உடைக்காத கட்டி கண்ணாடி மாதிரி. அதன் அடியில் ஒட்டியிருந்த மரத்தூள்கூடத் தெரிந்தது. உடைத்துப் போட்ட தூள் கண்ணைக் கூசும் வெள்ளை.

ஒரே ஐஸ்தானே, ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று சும்மா கேட்டேன்.

"உடைச்சாத்தான் வெள்ளை, அண்ணை. கட்டி கறுப்புத்தான்" என்றார் அவர்.

என் கால் குளிர்ந்தது. பகிடியாகச் சொல்லவில்லை, அங்கே ஐஸ் தண்ணீர் ஓடிக்கொண்டும் இருந்தது.

கோளில் பனிக்கட்டி எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்பும் என்ற எண்ணை மாதிரிக்குள் போட்டவன் நான். வெறும் பனிக்கட்டி என்றால் விழுகிற ஒளியில் பாதியளவு திருப்பும். அதற்கு மேலே புதிதாக வெண்பனி கொட்டிக் கிடந்தால், பத்தில் எட்டுப் பங்கைத் திருப்பிவிடும். மாதிரியில் இரண்டுக்கும் இடம் உண்டு. வெண்பனிக்கான இடத்தை நான் மூடி வைத்திருந்தேன். வேலை இலகுவாகும் என்று பரிசோதனைக் காலத்தில் மூடியது, பிறகு திறக்கவில்லை. அது உறுத்தவுமில்லை. ஏனென்றால் ஐஸ் என்று நினைத்தால் என் மனதில் வருவது மீன் லொறியில் வரும் கட்டிதான். வானத்திலிருந்து கொட்டுகிற ஐஸை நான் கண்டதில்லை. என் கூடப்பிறந்த அக்கா கனடாவிலிருந்து மாரி முழுக்க, முழங்காலளவு ஸ்னோவை மச்சான் சவளால் தள்ளும் வீடியோ அனுப்புவாள். நானும் ஒவ்வொன்றுக்கும் பெருவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தேன். அந்த ஸ்னோ என்னுடைய கோளிலும் கொட்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து மூடியிருந்ததைத் திறந்து திரும்ப ஓட விட்டேன். மீன் மோட்டார்சைக்கிளில் தொங்கியதை நான் மறந்துபோனேன். பூனை மறக்கவில்லை.

பின்னேரம் விடை வந்தது. அறுபது பாகைச் சாய்வில் மத்தியகோட்டில் பட்டி கட்டியது. அதற்கு மேலே வெண்பனி விழுந்தது. கரையவேண்டிய மாதத்தில் அது கரையவில்லை. துருவத்தில் பனி பிடித்தால் அது ஒரு தொப்பி, சின்ன இடம். மத்தியகோடு கோளின் மிக அகலமான இடம். என்னுடைய வயிற்றைப் பார்த்தால் உங்களுக்கு விளங்கும், அங்கே கட்டுகிற பட்டிக்குத்தான் கூடத் துணி வேண்டும். அவ்வளவு பெரிய வெள்ளை, விழுந்த வெயிலை எல்லாம் திருப்பி அனுப்ப அனுப்ப, கோள் குளிர்ந்தது. குளிரக் குளிரப் பட்டி அகன்றது. இரண்டு பக்கமும் துருவம்வரை போய் மூடிவிட்டது. இந்தமுறை மாதத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு மாதமும் வெள்ளை.

பிறகு அச்சை நிமிர்த்தினேன். ஐம்பது, நாற்பது, முப்பது, இருபத்துமூன்றரை. முன்பு திறந்த கடல் இருந்த அதே சாய்வு, அதே சூரியன். ஒரு துளிகூட உருகவில்லை. மூடுவதற்கு முன் போதுமாக இருந்த வெயில், மூடின பிறகு போதாது. வெள்ளையாய்க் கிடக்கிற கோள் தனக்கு வரும் வெயிலைத் தானே தள்ளிவிடுகிறது.

சரிந்தது நிமிர்ந்தது. ஆனால் பழையபடி வரவில்லை.

இப்போது நீங்கள் எதிர்பார்ப்பது, நான் லப்டொப்பைப் பையில் சுற்றிக்கொண்டு மண்கும்பானுக்கு ஓடியிருப்பேன் என்று. சுருவிலிலிருந்து மண்கும்பான் எவ்வளவு தூரம்? கடல்கூடத் தாண்டத் தேவையில்லை. நான் போகவில்லை.

ஏன் போகவில்லை என்பதுதான் இதில் நீங்கள் படிக்கவேண்டிய பகுதி, ஆகவே அழகுபடுத்தாமல் சொல்கிறேன். இது நாலாவது தரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றுதரம் பொய்யாகப் பதறினவன், நாலாவது தரமும் பொய்யாகத்தான் இருக்கும், முதலில் வடிவாகச் சரிபார்ப்போம், மாரியைப் பார்த்துவிட்டு வருடத்தைச் சொல்லக்கூடாது. சேரின் வார்த்தையையே எடுத்து அவரிடமிருந்து ஒளிந்துகொள்ளப் பாவித்தேன். இன்னும் ஒருதரம் ஓட்டினேன். வேறு கடல் ஆழம் வைத்து ஓட்டினேன். கொஞ்சம் கூடிய சூரியன் வைத்து ஓட்டினேன். ஒவ்வொரு தரமும் வெள்ளை. சரிபார்த்தது போதும் என்று இரண்டாம் நாளே தெரியும். பிறகு செய்ததற்குப் பெயர் சரிபார்த்தல் இல்லை.

அவர் சுகமில்லாத மனிசன், எப்படிச் சொல்வது என்றும் ஒரு சாட்டு வைத்திருந்தேன். அது கருணை மாதிரி இருந்ததால் கனநாள் பாவிக்க முடிந்தது.

தர்சினி ஒருநாள், ஏன் அண்ணை இரண்டு கிழமையாக ஒரு புகாரும் இல்லை, கோளுக்குச் சுகமோ என்று கேட்டாள். நல்ல சுகம், குளிருக்குப் போர்த்துக்கொண்டு படுத்திருக்கிறது என்றேன். அவள் சிரித்தாள். நான் அவளுக்கு உண்மையைச் சொல்லிவிட்டேன், பாருங்கள். அவளுக்கு விளங்காத மாதிரிச் சொல்ல எனக்குத் தெரிந்திருந்தது.

பதினாறாம் நாளோ பதினேழாம் நாளோ, சொல்லியே தீருவதென்று மண்கும்பானுக்குப் போனேன். ஆஸ்பத்திரி இல்லாத நாள். சேர் முன்விறாந்தையில் சாய்வுக்கதிரையில் இருந்தார். கை இரண்டும் மெலிந்து, ஊசி ஏற்றும் இடம் வீங்கிக் கிடந்தது. அக்கா குசினியிலிருந்து தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். சேருக்கு அரைக் கோப்பை, எனக்கு முழுக் கோப்பை. அவருக்குத் தண்ணீர் அளவுதான். நான் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஊர்ப் புதினம் கதைத்தோம். கொஞ்ச நேரம் கழிய, அவர் எட்டிப் பக்கத்துக் கதிரையைக் காலால் எனக்கு முன்னால் தள்ளினார்.

"சொல்லும். ஏதும் சொல்லத்தானே வந்தனீர்?"

வெறுங்கதிரை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. சொல்ல வாயைத் திறந்தேன். அவருடைய முகத்தைப் பார்த்தேன். அதில் ஒரு கேள்வி இருந்தது, அது என் முகத்தில் எதையோ தேடியது. அதை நான் அன்றைக்கு வாசிக்கவில்லை. வாசித்திருக்கவேண்டும்.

"இல்லை சேர். கோளுக்குக் கலியாணம் பேசி வந்திருக்கு, சந்திரன் இல்லாத பொம்பிளை எண்டு மாப்பிளை வீட்டார் யோசிக்கினமாம். அதைச் சொல்ல வந்தனான்."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அக்கா ஓடிவந்து முதுகைத் தடவினார். இருமல் நின்ற பிறகு என் கைகளைப் பார்த்தார்.

"இண்டைக்கு நீர் பதறேல்லை" என்றார். "உம்மை எனக்குத் தெரியும். ஏதும் பிழையெண்டா உமக்கு இரண்டு கையும் ஒரு இடத்தில நிக்காது. உம்மட பதட்டம்தான் எனக்குத் தெர்மோமீற்றர். நீர் உப்பிடி இருக்கிறீரெண்டா வேலை சரி."

என் கைகள் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தன. அதனால்தான் ஆடவில்லை. என்னுடைய வாழ்க்கையில் நான் நன்றாக நடித்தது அந்த ஒரு நாள்தான். சிறு பிள்ளையிலிருந்து பதறிக்கொண்டே வந்தவன், பதறவேண்டிய ஒரேயொரு நாளில் முனிவர் மாதிரி இருந்தேன்.

சேர் கதிரையைத் திரும்பக் காலால் இழுத்துத் தன் பக்கத்தில் விட்டார். கண்ணை மூடிக்கொண்டார். நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன்.

எட்டாம் நாள் அவர் செத்துப்போனார். அதற்கு இரண்டு நாளுக்கு முன்னர் கட்டுரை வெளிவந்திருந்தது. ஆஸ்பத்திரியில் தர்சினி போனில் அதைக் காட்டியிருக்கிறாள். தன்னுடைய பெயரைத் தொட்டுப் பார்த்தாராம். தொட்டதும் எழுத்து பெரிதாகிவிட்டதாம், அதற்கும் சிரித்தாராம்.

செத்தவீட்டில் நான் கதிரை அடுக்கினேன். வாடகைக்கு எடுத்த பிளாஸ்ரிக் கதிரைகள். ஒவ்வொன்றாக வரிசையில் வைக்க வைக்க, அவற்றைப் பார்க்க முடியாமல் போய்விட்டது. கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த தர்சினியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மீன், ஐஸ், பன்னிரண்டு மாதம் வெள்ளை, நிமிர்த்தியும் உருகாதது.

எப்ப தெரியும் என்று கேட்டாள். மூன்று கிழமைக்கு மேல் என்றேன். சேர் இருக்கும்போதோ என்றாள். ஓம் என்றேன்.

வாளித் தண்ணீரைக் கால் முழுக்க ஊற்றிவிட்டு நிமிர்ந்தாள். அழுத கண், ஆனால் இப்போது அழவில்லை.

"பொய்யுக்கெல்லாம் ஓடி வந்தனீங்கள், அண்ணை. மெய்யுக்கு ஏன் வரேல்லை?"

நான் திரும்பிப் போய் மிச்சக் கதிரைகளை அடுக்கினேன்.

கட்டுரையை மீளப்பெற வேண்டும் என்பதில் அவளுக்கு இரண்டு மனம் இருக்கவில்லை. அந்தக் கட்டுரையைக் காட்டித்தான் வெளிநாட்டில் அவளுக்கு மேற்படிப்பு இடம் கிடைத்திருந்தது. அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அவளே உண்மையை எழுதினாள். இடம் போய்விட்டது. அதனால்தான் இன்றைக்கு உங்களுக்கு இப்படியொரு பொறுப்பாளர் இங்கே இருக்கிறாள். உங்களுக்கு லாபம். அதை நினைத்து நான் ஆறுதல் அடைய அவள் விடுவதில்லை, அதுவும் சரிதான்.

கட்டுரையில் இருந்த மூன்று பெயரில் ஒரு பெயருக்குரியவர் இல்லை. கடிதம் அனுப்புமுன் அக்காவிடம் சொல்லவேண்டும் என்றாள் தர்சினி. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த அடுத்த கிழமை இரண்டு பேரும் போனோம். அதே முன்விறாந்தை. சாய்வுக்கதிரையை உள்ளே எடுத்து வைத்திருந்தார்கள். அக்கா பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவர், சுற்றி வளைக்கத் தேவையில்லை. நான் நின்றுகொண்டு சொன்னேன். கடைசிவரை கதிரையில் இருக்கவில்லை.

கேட்டு முடிந்ததும், அப்ப அந்தக் கோள் மூடினது மூடினதுதானோ என்று கேட்டார். ஓம் என்றேன். முதலில் எங்கே கட்டியது என்று கேட்டார். மத்தியகோட்டை ஒட்டி என்றேன். "நெடுந்தீவில எண்டு சொல்லும்" என்றார். கொஞ்சம் சிரிக்கிற மாதிரி இருந்தது. அந்தப் பகிடியை நாற்பது வருடமாகக் கேட்டவர் அவர்தானே.

பிறகு நான் கேட்கக்கூடாததைக் கேட்டேன். சேருக்கு இதில் ஏதும் சந்தேகம் இருந்ததா என்று.

அக்கா முந்தானையால் கதிரைக் கையில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

"இருந்தது, தம்பி. கடைசி மாதம் மூண்டு நாலு தரம் சொன்னவர். 'நான் அங்க படிக்கேக்க ஸ்னோ கண்ணைக் குத்தும். எங்கட கோளில ஐஸ் ஏன் இவ்வளவு லேசாக் கரையுது? உவர் தம்பியிட்ட ஒருக்காக் கேக்கவேணும்' எண்டு." கதிரைக் கையைத் திரும்பத் துடைத்தார். "நீர் வந்திட்டுப் போனீரே, அதுக்குப் பிறகு அதைப் பற்றிக் கதைக்கேல்லை. நிம்மதியா இருந்தவர்."

அவர் எனக்கு ஆறுதலாகத்தான் அதைச் சொன்னார். அது அவருடைய முகத்திலேயே தெரிந்தது. நானும் தலையாட்டினேன். தர்சினி என் பக்கம் திரும்பவில்லை.

இதற்குப் பிறகும் நான் சில வருடம் வேலை செய்தேன். ஐம்பத்தைந்தில் ஓய்வு எடுத்துக்கொண்டு சுருவிலில் இருக்கிறேன். திருத்திய கட்டுரை வேறு தலைப்பில் வெளிவந்தது. சாய்வு திரும்பினாலும் பனி விலகாது என்பது அதன் முடிவு. நல்ல கட்டுரை என்கிறார்கள். சேருடைய பெயரையும் அக்காவின் சம்மதத்தோடு முதலில் போட்டோம். அவருடைய கேள்வி. அதற்குரிய சரியான விடையை அவர் வாசிக்கவில்லை.

உங்களுக்குச் சொல்ல எனக்கு இருப்பது கொஞ்சம்தான். பதட்டம் வந்தால் அது சரியா பிழையா என்று பதட்டத்தைக் கேட்காதீர்கள், அதற்குத் தெரியாது. மூன்றுதரம் பிழையாக வந்தது நாலாவது தரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. மாதத்தைப் பாருங்கள், பார்த்துவிட்டு அன்றைக்கே போங்கள். பனிப்பட்டி ஒடுக்கமாக இருக்கும்போது கொஞ்ச வெயிலில் கரைந்துவிடும். இதற்கு மேல் உவமை சொன்னால் தர்சினி வெட்டிவிடுவாள், நிறுத்துகிறேன்.

என்னுடைய போன் நம்பர் அவளிடம் இருக்கிறது. எந்த நேரமும் எடுக்கலாம், ஓடியும் வரலாம். பஸ் சுருவில் சந்தியில் நிற்கும். நீங்கள் சொல்வதைக் கேட்டு நான் சிரிப்பேன், அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அந்தப் பழக்கம் இனி மாறாது. ஆனால் சிரித்துக்கொண்டே ஒரு கதிரையை இழுத்துப் போடுவேன்.

அதில் நீங்கள் இருக்கக்கூடாது.